ஐம்பதும் ஐம்பத்துநாலும்

போன வாரம் செல்வன் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். ஷார்ஜாவுக்கு வெளியே பாலைவன ஓரத்தில் இருக்கும் துப்பாக்கி கிளப்பில் பதினோரு வருடம் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவன் அவன். திருச்செந்தூர் பக்கத்துக்காரன்.

"அண்ணாச்சி, சொகமா இருக்கியளா? இங்க புது மெம்பர் ஒருத்தரு லாங் ரைஃபிள் வாங்கப் போறாரு, அதான் வாய் வழியா மருந்து போட்டு கெட்டிக்கிற பழைய மாடல். இங்க டார்கெட்டும் சுடணுமாம், வருசத்துக்கு ஒருக்க வெளிநாட்டுக்குப் போயி மான் வேட்டையும் ஆடணுமாம். எந்த காலிபர் நல்லதுன்னு கேக்காரு. அந்தோணி அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லிட்டேன். ஒத்த வார்த்தையில சொல்லுங்க, போதும்."

நான்கு நாளாக நான் பதில் அனுப்பவில்லை. ஷார்ஜாவின் முவைலா பகுதியில் மகள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இதே கேள்விக்கு ஒருமுறை ஒத்த வார்த்தையில் பதில் சொன்னவன் நான். அதன் பலனை என் கண்ணாலேயே பார்த்தேன். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

நான் அடிப்படையில் டர்னர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சவுதியின் ஜுபைலில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் மெஷின் ஷாப்பில் கழிந்தது என் இளமை. பம்பு ஷாஃப்டுகளும் புஷ்களும்தான் உலகம். எங்களுக்கு அளவு என்றால் தவ். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு தவ் கூடினால் போர்மேன் திட்டுவார், ஐந்து தவ் கூடினால் கேம்ப் முழுக்கக் கேலி பேசும். அப்புறம் ஷார்ஜா. அங்கே ஒரு லேத் கடையில் இருந்தபோது, துருப்பிடித்த பழைய குழல் ஒன்றைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்த கிளப்காரர்கள், போகும்போது என்னையும் கொண்டுபோய்விட்டார்கள்.

அங்கே என் மேலதிகாரி மரிசெல். பிலிப்பைன்ஸ்காரப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். என் தோள் உயரம்தான் இருப்பார். தலையில் எந்நேரமும் தொப்பி, கால்சட்டைப் பையில் உலர்ந்த மாம்பழத் துண்டு பாக்கெட். என்னை 'குயா' என்பார். அவர்கள் மொழியில் அண்ணன். அண்ணன் என்று அழைத்துக்கொண்டே என்னை வேலை வாங்கிய சாமர்த்தியத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழி இல்லை. பாதி இந்தி, கால் இங்கிலீஷ், மிச்சம் அரபி. அந்தக் கூட்டாஞ்சோற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மரிசெல் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது தவறு செய்தால் திட்ட மாட்டார், பக்கத்தில் வந்து மாம்பழ பாக்கெட்டை நீட்டுவார். அவ்வளவுதான். பாக்கெட் நீண்டால் ஏதோ பிசகு என்று அர்த்தம். பெரிய பெரிய பதவியில் இருந்த மெம்பர்கள் எல்லாம் அந்த மாம்பழத்தைக் கண்டால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நெளிவார்கள்.

வாய்வழித் துப்பாக்கிகளுக்கு அவர் வைத்திருந்த முறை இது. முதலில் கருமருந்தை அளவுக் குப்பியில் எடுத்துக் குழலில் கொட்ட வேண்டும். ஈயக் குண்டை எண்ணெய்த் துணியில் பொதிந்து குழல் வாயில் வைத்து அழுத்த வேண்டும். பிறகு நீளமான கோலால், நாங்கள் ராடு என்போம், மருந்தின் மேல் குண்டு இறுக்கமாக உட்காரும் வரை தள்ள வேண்டும். ராடில் ஒரு கோடு இருக்கும். குண்டு சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடும் குழல் வாயும் ஒட்டி நிற்கும். மரிசெல் ஒவ்வொரு துப்பாக்கியிலும் அந்தக் கோட்டைக் குனிந்து பார்ப்பார். பார்த்த பின்தான் சுடும் இடத்துக்கு எடுத்துப்போகலாம். அங்கே போனபின்தான் தீபாவளிப் பொட்டுவெடி போன்ற செப்புக் கேப்பைப் பொருத்தலாம்.

இன்னும் இரண்டு விதிகள். சுடும் வரிசையில் யாரும் ஓடக் கூடாது. கேப்பை அடிக்கும் துப்பாக்கிச் சுத்தியலைத் தூக்கி வைத்திருப்பவர் பக்கத்தில் யாரும் கத்தக் கூடாது. திடுக்கிட்டால் விரல் தானாக இழுத்துவிடும். நிறுத்த வேண்டுமானால் மரிசெல்லிடம் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும், நிறுத்துவதை அவர் பார்த்துக்கொள்வார். அவர் எப்போதும் சுடுபவரின் வலப்பக்கம், சுத்தியல் இருக்கும் பக்கம், முழங்கை தூரத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் பக்கம்தானே நெருப்புப் பொறி தெறிக்கும், இந்தப் பெண் ஏன் அங்கேயே போய் நிற்கிறாள் என்று நினைத்திருக்கிறேன். கேட்டதில்லை.

இனி காலித். சுங்கத் துறையில் அதிகாரி, நாற்பத்தைந்து வயது இருக்கும், மெதுவாகப் பேசும் மனிதர். அவர் வீட்டு மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்துச் சுவரில், தாத்தாவின் திரித் துப்பாக்கி தொங்குகிறது என்று படம் காட்டினார். அந்த ஆசையில்தான் வாய்வழித் துப்பாக்கிக்கு வந்தவர். முதலில் என்னிடம்தான் கேட்டார், எந்த காலிபர் என்று.

காலிபர் என்பது குழலின் உள்வாய் அளவு. ஐம்பது என்றால் அரை அங்குலம். முப்பத்திரண்டு, முப்பத்தாறெல்லாம் முயலுக்குப் போதும். மருந்தும் ஈயமும் கொஞ்சம்தான் தின்னும், தோளும் வலிக்காது. ஆனால் எங்கள் ரேஞ்சில் பதினொரு மணிக்கு மேல் கிளம்பும் காற்று அந்தச் சின்னக் குண்டை டார்கெட்டைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய்விடும். நாற்பதும் நாற்பத்தைந்தும் டார்கெட்டுக்கு அருமையானவை, நாற்பத்தைந்து சின்ன மானுக்கும் தாங்கும். ஐம்பது இரண்டுக்கும் பொது. காற்றுக்கு நிற்கும், மானுக்கும் போதும். ஐம்பத்துநாலு கனத்த குண்டு, பெரிய மானுக்கு உரியது. ஆனால் நாள் முழுக்க டார்கெட் சுட்டால் தோளில் மூவ் தடவிக்கொண்டுதான் படுக்க வேண்டும். காலித்துக்கு ஐம்பது சொன்னேன். அதுவரை சரிதான்.

அடுத்த வருடம் வந்தார். "அந்தோணி பாய், இந்தத் தடவை குளிர் நாட்டுக்கு வேட்டைக்குப் போறேன். பெரிய மான். இன்னொன்னு வாங்கட்டுமா?"

"ஐம்பத்துநாலு," என்றேன். ஒத்த வார்த்தை. யோசிக்கக்கூட இல்லை.

பக்கத்தில் நின்ற மரிசெல் சொன்னார்: "ஐம்பதே போதும், கிட்டப் போய்ச் சுடுங்க. இன்னொன்னு வேணும்னா வேற ஏதாவது வாங்குங்க. இது ரெண்டும் ஒரே ஆள்கிட்ட வேண்டாம் குயா. கண்ணை மூடிட்டுத் தொட்டாலும் எது எதுன்னு தெரியணும்."

இருபது வருடம் தவ் கணக்கில் வாழ்ந்தவனுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் உறுத்தியது. ஐம்பதுக்குப் போடும் குண்டு நானூற்றுத் தொண்ணூறு தவ், ஐம்பத்துநாலுக்கு ஐநூற்று முப்பது. நாற்பது தவ் வித்தியாசம்! ஜுபைலில் அந்த வித்தியாசத்தில் ஒரு ஷாஃப்டைக் கடைந்திருந்தால் என்னை விமானம் ஏற்றியிருப்பார்கள். அதுவா தெரியாமல் போகும்? நாற்பது தவ் என்பது ஒரு மில்லிமீட்டர்தான் என்பதும், கிளப்புக்கு வருபவர்கள் கண்ணில் மைக்ரோமீட்டர் கிடையாது என்பதும் என் மண்டையில் ஏறவில்லை.

காலித் ஐம்பத்துநாலு வாங்கினார். அதே கம்பெனி, அதே மாடல். இரண்டும் மேசையில் அடுத்தடுத்துப் படுத்திருந்ததைப் பார்த்ததும் என் டர்னர் புத்தி விழித்துக்கொண்டது. ஜோடி என்றால் ஜோடியாக இருக்க வேண்டாமா? இரண்டுக்கும் ஒரே மாதிரி ராடு செய்தேன், நுனியில் ஒரே அச்சில் கடைந்த பித்தளை. குண்டு வைக்க ஒரே மாதிரி இரண்டு மரப்பெட்டி. நம்பரை வெளியே பொறித்தால் அழகு கெடும் என்று மூடியின் உட்புறம் பொறித்தேன். காலித் இரண்டு பெட்டியையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டேனா? குளிரில் கையுறை போட்டுக்கொண்டு குண்டை அழுத்துவது கஷ்டமாக இருக்கும் என்றார் காலித். மரிசெல் லீவில் ஊருக்குப் போயிருந்த சமயம். குழலில் கை வைப்பதென்றால் அவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கேட்காமல் ஐம்பத்துநாலின் குழல் வாயை உட்புறமாக நூலளவு சரித்து விரித்துக் கொடுத்தேன், கட்டைவிரலாலேயே குண்டு இறங்கும்படி. வேலை நறுவிசாக அமைந்தது. மரிசெல் திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன், பிறகு சொல்லவே இல்லை.

காலித் வேட்டைக்குக் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, இரண்டு துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு ஒரு காலை ரேஞ்சுக்கு வந்தார். முதலில் ஐம்பதில் பத்துக் குண்டு சுட்டார். அப்புறம் ஐம்பத்துநாலை எடுத்தார். மருந்தைக் கொட்டினார், துணியில் பொதிந்து குண்டை வைத்தார், கட்டைவிரலால் தொட்டார், ராடை எடுத்து ஒரே மூச்சில் தள்ளினார்.

"வல்லா, அந்தோணி பாய்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "வெண்ணெய் மாதிரி இறங்குது. கையில ஏதோ மந்திரம் வச்சிருக்கீங்க."

நானும் பல்லைக் காட்டினேன். எங்கே மரிசெல் காதில் விழுந்துவிடுமோ என்று மட்டும்தான் எனக்குப் பயம். மரிசெல் வந்து குனிந்து ராடின் கோட்டைப் பார்த்தார். கோடு குழல் வாயோடு சரியாக இருந்தது. தலையசைத்தார். காலித் சுடும் இடத்துக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு டார்கெட் சட்டத்தைச் சாய்த்துவிட்டது. மரிசெல் சிவப்புக் கொடியை ஏற்றினார். கொடி ஏறினால் எல்லாரும் துப்பாக்கியைத் தாங்கியின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் வந்துவிட வேண்டும். எங்கள் டார்கெட்டுகள் பள்ளத்தில் இருந்ததால், தாங்கியில் வைத்த துப்பாக்கிகள் லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். பையன்கள் இரண்டு பேர் போய்ச் சட்டத்தை நிமிர்த்தி ஆணி அடித்து வர கால் மணி நேரம் ஆயிற்று. காலித் எனக்கு ஒரு கரக் டீ வாங்கிக் கொடுத்தார்.

கொடி இறங்கியது. அவர் தன் இடத்துக்குத் திரும்பினார். சும்மா நிற்பானேன் என்று நான் மருந்து நிரப்பும் மேசையை ஒழுங்குபடுத்தினேன். இரண்டு மரப்பெட்டிகள். ஒன்று திறந்திருந்தது. மற்றது மூடியிருந்தது. முந்தின நாள் நானே குண்டுகளை எடை பார்த்து, மூடியின் மேல் ஒட்டிய காகிதப் பட்டை அதில் கிழியாமல் அப்படியே இருந்தது.

திறந்திருந்த பெட்டி மூடியின் உட்புறம் பார்த்தேன். ஐம்பது.

ஐம்பத்துநாலுக்குள் ஐம்பதின் குண்டு. நான் விரித்தது குழல் வாயை மட்டும்தான். சரியான குண்டாக இருந்தால், வாய் தாண்டியபின் ராடு முட்டி முட்டித்தான் போயிருக்க வேண்டும். ஒரே மூச்சில் போனது என் கைவேலையால் அல்ல, குண்டு சிறியது என்பதால். அந்தக் குண்டு குழலுக்குள் தொளதொளவென்று கிடக்கிறது. கால் மணி நேரம் துப்பாக்கி கீழ்நோக்கிச் சாய்ந்து கிடந்திருக்கிறது. மருந்தை விட்டுக் குண்டு முன்னால் நகர்ந்திருந்தால், இடையில் உள்ள வெற்றிடத்தில் வெடி மோதிக் குழல் அங்கேயே வீங்கும், இல்லை கிழியும். அந்த இடத்துக்கு நேர் கீழே சுடுபவரின் இடது கை. ஒரு முழத்துக்குள் அவர் முகம்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை: நான் ஒரு நொடி யோசித்தேன். ஒருவேளை குண்டு நகராமல் இருக்கலாம். நான் போய் நிறுத்தினால் குழல் வாயை விரித்தது வெளியே வரும், வேலை போகும். ஒரு நொடிதான். ஆனால் யோசித்தேன்.

காலித் கேப்பைப் பொருத்திவிட்டார். சுத்தியலைத் தூக்கிவிட்டார். கன்னம் கட்டையில் பதிந்திருந்தது. கத்தலாம் என்று வாயெடுத்தேன். கத்தினால் அவரே இழுத்துவிடுவார். ஓடவும் முடியாது. மேசையிலிருந்து மரிசெல் நின்ற இடம் பன்னிரண்டு காலடி. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான தூரம் நான் நடந்ததில்லை. அவருக்குப் பின்னால் போய், ஜெபம் சொல்வதுபோல் மெல்லச் சொன்னேன்.

"மரிசெல். குண்டு தப்பு. நிறுத்து."

அவர் திரும்பவில்லை. என்ன, ஏது என்று கேட்கவில்லை. வலது கையை நீட்டி, சுத்தியலுக்கும் கேப்புக்கும் நடுவில் கட்டைவிரல் இடுக்கை நுழைத்தார். அதே நேரம் காலித்தின் விரல் இழுத்துவிட்டது. டப் என்று ஒரு சின்னச் சத்தம். சுத்தியல் மரிசெல்லின் சதையில் விழுந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "கலாஸ், போதும், மிஸ்டர் காலித். விரலை வெளியே எடுங்க," என்றார், டீ வேண்டுமா என்று கேட்கும் குரலில்.

எதற்காக எப்போதும் அந்தப் பக்கம் நின்றார் என்று அன்றுதான் தெரிந்தது.

கேப்பை எடுத்து எறிந்தோம். மரிசெல் ராடை வாங்கி மெதுவாகக் குழலில் விட்டார். கோடு குழல் வாய்க்கு மேல் நான்கு விரற்கடை நின்றது. துப்பாக்கியைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினார். குண்டு துணியோடு உருண்டு வந்து மணலில் விழுந்தது. பின்னாலேயே கருமருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் குண்டை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தேன். அளக்காமலே தெரியும், அளக்காமல் சொல்ல எனக்கு வராது. நானூற்றுத் தொண்ணூறு.

மணலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழல் வாய், ஜோடிப் பெட்டி, மூடிக்குள் பொறித்த நம்பர், யோசிக்காமல் சொன்ன ஐம்பத்துநாலு. அந்த ஒரு நொடியை மட்டும் சொல்லவில்லை.

காலித் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு, "வர்ற மாசம் என் மகளுக்குக் கல்யாணம், அந்தோணி பாய். மருதாணி வைக்கிற அவ கைதான் முக்கியம்னு நினைச்சிருந்தேன், என் கையும் முக்கியம்னு இப்பத்தான் தெரியுது," என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. என்னைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார்.

மரிசெல் இடது கையால் கால்சட்டைப் பையைத் தடவி மாம்பழத்தை எடுத்தார். ஒரு துண்டு அல்ல, முழுப் பாக்கெட்டையும் என் கையில் வைத்தார். வலது கையிடுக்கில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

மேனேஜருக்கு அவரே ரிப்போர்ட் எழுதினார். என் தவறை எழுதினார். அதற்குக் கீழே, 'கோட்டை மட்டும் பார்த்தேன், பெட்டியைப் பார்க்கவில்லை' என்று தன் தவறையும் எழுதிக் கையெழுத்திட்டார். எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் மட்டும்தான் வந்தது. விசா கேன்சல் ஆகும் என்று மனைவியிடம் போனில் சொல்லி, துணிப் பெட்டியைக்கூட இறக்கி வைத்திருந்தேன். லெட்டரைப் படித்துவிட்டு ரூமில் குழந்தை மாதிரி அழுதேன். அவ்வளவு நிம்மதி.

மறுநாள் மரிசெல் என் மேசையில் ஐம்பத்துநாலின் ராடையும் பெட்டியையும் வைத்தார்.

"குயா, இதை அசிங்கமாச் செய்யுங்க."

"அசிங்கமாவா?"

"ரொம்ப அசிங்கமா. தொட்டதும் அருவருப்பா இருக்கணும்."

லேத்தில் மாட்டி, பளபளவென்று நான் கடைந்திருந்த பித்தளையைப் பலாப்பழத் தோல் மாதிரி முள்ளு முள்ளாக்கினேன். பெட்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, மூடியின் வெளியே கையகலத்தில் 54 என்று எழுதினேன், அதுவும் கோணலாக. என் வாழ்நாளில் நான் செய்த மோசமான வேலை அது. முடித்துக் கொடுத்தபோது மரிசெல் கண்ணை மூடி, ராடைத் தடவிப் பார்த்து, "இப்ப அழகு," என்றார். அன்றிலிருந்து எங்கள் கிளப்பில் மருந்து நிரப்பும் மேசையில் ஒரு சமயம் ஒரு பெட்டிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. கோட்டோடு பெட்டி மூடியையும் பார்த்தார் மரிசெல்.

காலித் அந்தத் தடவை ஐம்பதை எடுத்துக்கொண்டுதான் வேட்டைக்குப் போனார். பனியில் மூக்கு சிவந்து நிற்கும் ஒரு படம் அனுப்பினார், மானைக் காணோம். ஐம்பதின் மேல் குறை இல்லை, மான் நின்று கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

நேற்று காலையில் செல்வனுக்கு ஒருவழியாகப் பதில் அனுப்பினேன். "லே செல்வா, ஒத்த வார்த்தையில சொல்ல மாட்டேன். ரெண்டுக்கும் சேத்து ஒண்ணுதான் வாங்குவாருன்னா ஐம்பது. ரெண்டு வாங்குவாருன்னா டார்கெட்டுக்கு நாற்பது, வேட்டைக்கு ஐம்பத்துநாலு. நாற்பதுக்குள்ள பெரிய குண்டு நொழையவே நொழையாது, ஐம்பத்துநாலுல சின்னக் குண்டு கல்லு மாதிரி கடகடன்னு உருளும், குருடனுக்கும் தெரியும். ஐம்பதையும் ஐம்பத்துநாலையும் மட்டும் ஒரே கையில குடுத்துராத. எதையும் ஜோடியாச் செஞ்சு குடுக்காத. மரிசெல் மேடத்த கேக்காம கொழல்ல கை வைக்காத."

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "சரி அண்ணாச்சி. மேடம் இப்பத்தான் எனக்கு மாம்பழம் தந்தாவ. என்ன தப்பு பண்ணேன்னே தெரியல."

வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் அங்கே நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் காலித் வந்து கை கொடுப்பார். அவர் இடது கை துப்பாக்கி உறையைப் பிடித்திருக்கும். நான் வலது கையைக் குலுக்கிக்கொண்டே இடது கை விரல்களை எண்ணுவேன். அவருக்குத் தெரியாமல்தான் எண்ணுவதாக நினைத்திருந்தேன். நான் ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டி முடிந்ததும் காலித் உறையைக் கீழே வைத்தார். இடது கையை என் கண்ணுக்கு முன்னால் நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினார்.

"கடைசியா ஒரு தடவை எண்ணிக்கோங்க, அந்தோணி பாய்."

எண்ணினேன். ஐந்தும் இருந்தன.